சொந்தத் தறியில் எழுதட்டும் பிள்ளைகள்

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அதைப் போன்றதொரு சட்டத்தை இந்தியாவிலும் கொண்டுவருவது குறித்து மத்திய அரசு ஆராயலாம் என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாதத்தில் கருத்துத் தெரிவித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகளை மத்திய அரசு அறிவிக்கை செய்திருந்தது. 18 வயது நிறைவடையாத எவருடைய தரவைக் கையாளவும் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை என்பது அச்சட்டத்தின் முக்கியக் கூறுகளுள் ஒன்று.

இம்மூன்றும் எழுப்புவது ஒரே கேள்விதான்: பிள்ளைகளுக்கு இணையத்தின் கதவை எந்த வயதுவரை அடைத்து வைப்பது? கேட்கப்பட வேண்டிய கேள்விதான், ஐயமில்லை. ஆனால், அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி இங்கே பெரிதாக எழவில்லை. கதவை அடைத்த பிறகு அந்தப் பிள்ளைகள் எங்கே எழுதுவார்கள்? தாங்கள் கண்டதையும் நினைத்ததையும் எவரிடம் சொல்வார்கள்?

பழைய பாணி என்று பலரும் ஒதுக்கிவிட்ட வலைப்பூவில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. புனைபெயர், நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரின் மேற்பார்வை, நிதானமாக எழுதித் திருத்தி வெளியிடும் பழக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்தால், பதின்பருவத்தினருக்கு வலைப்பூவைப் போல் ஏற்ற எழுத்துக்களம் இன்று வேறில்லை. தடையைப் பற்றி விவாதிக்கும் அதே அக்கறையுடன் இந்தக் களத்தை அமைத்துத் தருவதைப் பற்றியும் நாம் பேச வேண்டும். காஞ்சிபுரத்தில் அதைத் தொடங்கலாம். சொந்தத் தறியில் நெய்வதற்கும் கூலிக்கு நெய்வதற்கும் உள்ள வேறுபாட்டை நன்கறிந்த ஊர் அது.

கணக்கு காட்டும் இடைவெளி

நாட்டின் ஊரகப் பகுதிகளில் நடத்தப்பட்ட 2024-ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்வி நிலை ஆய்வு, 14 முதல் 16 வயதுவரையுள்ள பிள்ளைகளிடம் திறன்பேசிப் பயன்பாடு குறித்துக் கேட்டது. திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரியும் என்றவர்கள் 82 விழுக்காட்டினர். முந்தைய வாரத்தில் கல்வி தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காட்டினர். சமூக ஊடகத்துக்காகப் பயன்படுத்தியவர்களோ 76 விழுக்காட்டினர்.

இவற்றைவிடக் கவனிக்க வேண்டிய எண்கள் அதே ஆய்வில் உள்ளன. சமூக ஊடகத்தைப் பயன்படுத்திய பிள்ளைகளுள், தொல்லை தரும் கணக்கைத் தடுக்கவோ அதைப் பற்றிப் புகார் அளிக்கவோ தெரிந்தவர்கள் 62 விழுக்காட்டினர். கடவுச்சொல்லை மாற்றத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர். தமது பக்கத்தைப் பிறர் பார்வையிலிருந்து மறைத்து வைக்கத் தெரிந்தவர்கள் 55 விழுக்காட்டினர் மட்டுமே. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்’ என்று வீடுதோறும் சொல்லப்படும் வாசகம் பாதிதான் உண்மை. வண்டியை ஓட்டத் தெரிந்த அளவுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை.

இதில் பெண்பிள்ளைகளின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ளோரில் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57 விழுக்காட்டினர். பெண்கள் 33 விழுக்காட்டினர். வீட்டில் ஒரே ஒரு திறன்பேசி இருந்தால் அது முதலில் எவர் கைக்குப் போகிறது என்பதை இந்த எண்கள் சொல்லிவிடுகின்றன. பாதுகாப்பு என்ற பெயரில் விதிக்கப்படும் எந்தத் தடையும் முதலில் பெண்பிள்ளைகளின் கையிலிருந்தே கருவியைப் பறிக்கும் என்பதை மறந்துவிடலாகாது.

கூலித் தறியும் கைப்பேசித் திரையும்

தகவல் பெருகப் பெருக, அதை நுகர்பவரின் கவனம் அரிதாகிவிடுகிறது என்று 1971-லேயே சுட்டிக்காட்டியவர் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன். பின்னர் 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் அவர். அரிதான பண்டத்துக்கு விலை உண்டு என்பது பொருளியலின் முதல் பாடம். இன்றைய சமூக ஊடக நிறுவனங்கள் விளம்பரதாரர்களுக்கு விற்கும் முதன்மைப் பண்டம் நம் பிள்ளைகளின் கவனம்.

காஞ்சிபுரத்துக் கூலி நெசவில் பட்டும் ஜரிகையும் வடிவமைப்பும் முதலாளியிடமிருந்து வரும். நெய்பவர் உழைப்பைத் தருவார். சேலை எந்தக் கடையில், என்ன விலைக்கு விற்கப்படுகிறது என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை. ஆயினும் அவருக்குக் கூலியாவது உண்டு. சமூக ஊடகத்தில் நாள்தோறும் காணொளி இடும் 14 வயதுப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. எதைப் பேசினால் பார்வைகள் கூடும் என்பதை நிறுவனத்தின் நிரல் முடிவு செய்கிறது. பிள்ளை தன் முகத்தையும் நேரத்தையும் நட்பு வட்டத்தையும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு விருப்பக்குறிகளைப் பெற்றுக்கொள்கிறது.

இந்த ஊருக்கு இதில் ஒரு பழைய வலியும் உண்டு. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் தேவை. மறுபக்கத்திலிருந்து நாடாவை எறிய ஒரு துணைக்கை வேண்டும். பல தலைமுறைகளாக அந்தத் துணைக்கை பெரும்பாலும் ஒரு சிறுவருடையதாகவே இருந்தது. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக உழைத்த சிறார்களைப் பற்றி மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றிருந்தது. கல்வி உரிமைச் சட்டம், தொண்டு அமைப்புகளின் முயற்சி, பெற்றோரின் மனமாற்றம் எனப் பல காரணங்களால் பிள்ளைகள் தறியிலிருந்து பள்ளிக்கு வந்தார்கள். அப்படி விடுபட்ட கைகள், ஊதியமற்ற வேறொரு வேலைக்குள் நாமறியாமலேயே நுழைந்திருக்கின்றன.

வலைப்பூ இதிலிருந்து எவ்வகையில் மாறுபடுகிறது? அதில் முடிவில்லாமல் நகரும் திரை இல்லை. எழுதுபவர் ஒரு தலைப்பு வைக்க வேண்டும். தொடக்கமும் முடிவும் உள்ள நானூறு சொற்களையாவது கோக்க வேண்டும். இன்று எழுதி, நாளை திருத்தி, அடுத்த வாரம் வெளியிடலாம். முகத்தைக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. படிப்பவரும் அந்த எழுத்தைத் தேடி வருபவராகவே பெரும்பாலும் இருப்பார்.

எனினும் வலைப்பூவும் முழுமையாகச் சொந்தத் தறி ஆகிவிடாது. 1999-இல் தொடங்கப்பட்ட ‘பிளாக்கர்’ சேவையை 2003-இல் கூகுள் வாங்கியது. பல கோடிப் பக்கங்களைத் தாங்கிய ‘ஜியோசிட்டீஸ்’ 2009-இலும், இந்திய இளைஞர்கள் கொண்டாடிய ‘ஆர்குட்’ 2014-இலும் மூடப்பட்டன. ஆகவே எழுதும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி எழுதியவரிடம் இருக்க வேண்டும் என்பது முதல் நாளிலேயே கற்பிக்க வேண்டிய பாடம். தறி வாடகை வீட்டில் இருக்கலாம். நெய்த சேலை நம் பெட்டியில் இருக்க வேண்டும்.

கையெழுத்து இதழின் வழியில்

பதின்பருவத்தினர் எழுதி வெளியிடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. கைகளால் எழுதி, படம் வரைந்து, ஒரே படியைப் பலர் கைமாற்றிப் படித்த கையெழுத்து இதழ்கள் நம் ஊர்களில் நிறையவே இருந்தன. திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்து இதழை நடத்தினார். 1942-இல் காஞ்சிபுரத்தில் அண்ணா தொடங்கிய ‘திராவிட நாடு’ வார இதழ், அந்த மாணவர் அனுப்பிய ‘இளமைப்பலி’ என்ற எழுத்தை வெளியிட்டது. பின்னர் திருவாரூருக்கு வந்த அண்ணா, எழுதியவர் பள்ளிச் சிறுவர் என்பதை நேரில் கண்டு, முதலில் படிப்பில் கவனம் செலுத்துமாறு அறிவுரை கூறினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அறிவுரை எந்த அளவுக்கு ஏற்கப்பட்டது என்பது வேறு; அதே ஆண்டு ஆகஸ்டில் ‘சேரன்’ என்ற புனைபெயருடன் ‘முரசொலி’ துண்டறிக்கையாக வெளிவந்துவிட்டது.

அரசியல் சார்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இந்த நிகழ்வில் நமக்கு வேண்டிய மூன்றும் உள்ளன: எழுதத் துடிக்கும் ஓர் இளம் மனம், அதற்கு ஒரு புனைபெயர், எழுத்தைப் படித்து இடமளித்து, எழுதியவரின் படிப்பைப் பற்றியும் கவலைப்பட்ட ஒரு பெரியவர். இன்றைய பிள்ளைகளிடம் முதலாவது குறையாமல் இருக்கிறது. மற்ற இரண்டையும்தான் நாம் தரத் தவறிவிட்டோம்.

புனைபெயர் என்றால் ஒளிந்துகொள்வது என்று சிலர் நினைக்கக்கூடும். நம் இலக்கிய மரபு அப்படி நினைக்கவில்லை. ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கியாகவும், சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தனாகவும், எஸ். ரங்கராஜன் சுஜாதாவாகவும், சி.எஸ். லக்ஷ்மி அம்பையாகவும் எழுதினார்கள். தமிழில் வலைப்பதிவுகள் 2003-ஐ ஒட்டிப் பரவத் தொடங்கி, 2004-இல் ‘தமிழ்மணம்’ திரட்டி வந்த பின் பெருகியபோதும், எழுதியவர்களில் பலர் புனைபெயர்களையே சூடிக்கொண்டனர். 15 வயதுப் பெண் ஒருத்தி புனைபெயரில் எழுதுவது இந்த மரபின் தொடர்ச்சியே.

உலக அளவில் இரண்டு எடுத்துக்காட்டுகள் நினைவுகூரத் தக்கவை. பாகிஸ்தானின் ஸ்வாட் பள்ளத்தாக்கில் பெண்கள் பள்ளிக்குச் செல்லத் தாலிபான்கள் தடைவிதித்த 2009 ஜனவரியில், 11 வயது மலாலா யூசுஃப்சாய், ‘குல் மகாய்’ என்ற புனைபெயரில் பிபிசி உருது இணையதளத்தில் நாட்குறிப்பு எழுதினார். தந்தையின் ஒப்புதலும் ஒரு செய்தி நிறுவனத்தின் கவனமும் அதன் பின்னே இருந்தன. பின்னர் அவரது அடையாளம் வெளியே தெரிந்தது. 2012 அக்டோபர் 9 அன்று அவர் சுடப்பட்டார். புனைபெயர் தேவை, ஆனால், அது மட்டுமே கவசமாகிவிடாது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று.

மற்றொருவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மார்த்தா பெய்ன். 2012-இல் 9 வயதுச் சிறுமியான அவர், தன் பள்ளியில் தரப்படும் மதிய உணவை நாள்தோறும் படமெடுத்து, மதிப்பெண் இட்டு, தந்தையின் துணையுடன் வலைப்பூவில் எழுதினார். ‘வெஜ்’ என்பது அவரது புனைபெயர். வாசகர்கள் பெருகியதும், பள்ளியில் படமெடுக்கக் கூடாது என்று உள்ளாட்சி மன்றம் தடைவிதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் மறுநாளே தடை விலக்கப்பட்டது. அந்த வலைப்பூவின் வழியாக ஏழைக் குழந்தைகளின் உணவுக்கென ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் திரண்டது. தன்னைக் காட்டாமல், தான் கண்டதைக் காட்டிய எழுத்து அது. பாதுகாப்புக்கும் படைப்பாற்றலுக்கும் பொதுவான விதி ஒன்று இதில் இருக்கிறது: கண்ணாடி முன் நின்று எழுதுவதைவிடச் சன்னல் முன் நின்று எழுதுவது நல்லது.

சன்னலுக்கு வெளியே காஞ்சி

அந்தச் சன்னலுக்கு வெளியே காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு எழுத எத்தனையோ இருக்கின்றன. பட்டுச் சேலை குறித்த விளம்பர வாசகங்கள் இணையத்தில் ஏராளம். நெய்பவரின் மொழியில் அதைச் சொல்லும் பக்கங்கள் அரிது. உடலின் நிறமும் முந்தியின் நிறமும் மாறும் இடத்தில் பாவு நூல்களைப் பிணைக்கும் ‘பேட்னி’ முறையைப் பாட்டியிடம் கேட்டு, படம் வரைந்து விளக்கும் ஒரு பதிவு, எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவைப் பதிந்து வைக்கும். குழித்தறியில் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோகும் நாள்களில் வீட்டின் செலவு எப்படி நடக்கிறது என்று ஒரு மாணவர் எழுதினால், அது என்னைப் போன்ற பொருளியல் ஆசிரியர்கள் தேடிப் போக வேண்டிய தரவு.

கயிலாசநாதர் கோயிலின் ஒரே ஒரு சிற்பத்தை எடுத்துக்கொண்டு, காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் அது எப்படித் தோன்றுகிறது என்று எழுதலாம். ஏரிகளுக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தில், தன் ஊர் ஏரியின் கலங்கல் எப்போது வழிந்தது, மதகு எந்த நிலையில் இருக்கிறது என்று ஆண்டு முழுதும் குறித்து வரலாம். கோயில் இட்லியின் பக்குவத்தையும், கருடசேவை நாளில் தெருவின் ஒலிகளையும் பதியலாம்.

2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் எழுந்தருளியிருந்த 48 நாள்களில் காஞ்சிபுரத்தின் வாழ்க்கையே தலைகீழானது. தொலைக்காட்சிகளில் கூட்டத்தைப் பார்த்தோம். அக்கூட்டத்தின் நடுவே பள்ளிக்குப் போய்வந்த பிள்ளைகள் என்ன கண்டார்கள், தெருவோரத்துக் குடும்பங்கள் எப்படிச் சமாளித்தன என்பதற்கு அவர்கள் கையால் எழுதிய பதிவு எத்தனை இருக்கும்?

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளே கட்டுரை எழுதித் தந்துவிடும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். எனது விடை நேர்மாறானது. ‘பட்டுப்புடைவையின் பெருமை’ என்று தலைப்புத் தந்தால் இயந்திரம் நொடியில் எழுதிவிடும். தன் வீட்டுத் தறியில் போன மாதம் அறுந்த பாவை எப்படிப் பிணைத்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. பிள்ளை தானே பார்த்து, கேட்டு, சரிபார்த்து எழுத வேண்டிய தலைப்புகளைத் தருவது ஆசிரியரின் பொறுப்பு.

பாதுகாப்பு என்பது பழக்கம்

முதலில் அடையாளம். பெயர், பள்ளி, தெரு, சீருடை, வீட்டு வாசல் ஆகிய எதுவும் பதிவிலோ படத்திலோ இடம்பெறலாகாது. திறன்பேசியில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடத்தின் குறிப்பும் மறைந்திருக்கக்கூடும். அதை அணைத்துவைக்கக் கற்றுத்தர வேண்டும். திருவிழாவுக்குப் போனால், திரும்பி வந்து சில நாள் கழித்து எழுதலாம். ‘இப்போது இங்கே இருக்கிறேன்’ என்று முன்பின் தெரியாதவருக்கு அறிவிக்க வேண்டியதில்லை.

அடுத்து, பிறரது அடையாளம். தோழியின் படத்தையோ குடும்பத்துச் சண்டையையோ அவர்கள் அனுமதியின்றி எழுதுவது தவறு. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவும், போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவும், வழக்குகளில் தொடர்புடைய குழந்தைகளின் பெயர், முகவரி, பள்ளி போன்றவற்றை வெளியிடுவதைத் தடைசெய்கின்றன. நல்லெண்ணத்துடன் அனுதாபம் தெரிவிக்கும் ஒரு பதிவும் இந்த எல்லையை மீறிவிடக்கூடும். சாதியையோ மதத்தையோ சீண்டும் ஒரு வரி, நம் பள்ளிகள் சிலவற்றில் எவ்வளவு பெரிய தீயை மூட்ட வல்லது என்பதையும் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் பேச வேண்டும்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. தறியில் இருக்கும் சேலையைப் படமெடுத்துப் போடுவது இயல்பான ஆசை. ஆனால் புதிய புட்டாவும் கரை வடிவமும் சந்தைக்கு வருமுன்பே வெளியே போய்விட்டால், அதைப் பார்த்து விசைத்தறியில் மலிவாக நகலெடுப்பது எளிது. காஞ்சிபுரம் பட்டுக்குக் கிடைத்துள்ள புவிசார் குறியீடு அந்தப் பெயரைக் காக்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியே காவல் நிற்காது. ஒரு படத்தால் தந்தையின் வேலையே போகலாம். தறியைப் பற்றி எழுதலாம். தறியில் இருப்பதைக் காட்டும் முன் வீட்டில் கேட்க வேண்டும்.

பின்னூட்டங்கள் ஒரு பெரியவர் பார்த்து அனுமதித்த பிறகே வெளிவர வேண்டும். பாராட்டிவிட்டுத் தனியாகப் பேச அழைப்பவர், படம் கேட்பவர், பரிசு தருவதாகச் சொல்பவர் ஆகிய எவருக்கும் பதில் எழுத வேண்டியதில்லை. மிரட்டல் வந்தால் செய்தியை அழிக்காமல் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, உடனே வீட்டிலோ பள்ளியிலோ சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930 ஆகியவை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் எழுதப்பட வேண்டியவை.

இவை அனைத்துக்கும் அடிப்படை, சொன்னால் தண்டனை கிடைக்காது என்ற நம்பிக்கை. ‘போனைப் பிடுங்கிவிடுவார்கள்’ என்ற அச்சமே பல பிள்ளைகளை ஊமையாக்குகிறது. மிரட்டுபவருக்கு அந்த மௌனம்தான் மூலதனம்.

ஒப்புதல் எவருடையது?

தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறும் நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய்வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. வரவேற்க வேண்டிய ஏற்பாடு இது. விதிகளின் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. இந்த இடைக்காலத்தில் பேச வேண்டிய சிக்கல் ஒன்று உண்டு.

பெற்றோரின் ஒப்புதல் என்பது, பெற்றோர் அந்த நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டு முடிவெடுப்பார்கள் என்ற கருத்தில் நிற்கிறது. வீட்டில் திறன்பேசியைக் கையாளத் தெரிந்தவர் பிள்ளை மட்டுமே என்ற நிலையில், அப்பாவின் பெயரில் வரும் ஒப்புதல் கேள்விக்கு ‘ஆம்’ என்று அழுத்துவதும் அதே பிள்ளையாகத்தான் இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. ‘பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு’ என்று ஒரே சொல்லில் ஒப்புதல் மறுக்கப்பட்டால், எழுதக்கூடிய ஒரு கை அங்கேயே முடக்கப்படும். இந்தியா 1992-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, கருத்தை வெளிப்படுத்தும் உரிமையைத் தன் 13-ஆவது பிரிவில் குழந்தைக்கும் உரியதாக்கியிருக்கிறது. பாதுகாப்பும் வெளிப்பாடும் ஒன்றை ஒன்று விழுங்காமல் இருக்க, வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே நம்பகமான ஒரு மூன்றாம் தரப்பு தேவை. அது பள்ளியாகத்தான் இருக்க முடியும்.

பள்ளி செய்யக்கூடியது

ஒவ்வொரு மாணவரும் தனித்தனியே கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. பள்ளிக்கு ஒரு வலைப்பூ போதும். அதன் கணக்கும் கடவுச்சொல்லும் பொறுப்பாசிரியர் இருவரிடம் இருக்கட்டும். விரும்பும் மாணவர்கள் புனைபெயரில் எழுதலாம். எந்தப் புனைபெயர் எவருடையது என்ற குறிப்பு பள்ளியில் ஒரு காகிதப் பதிவேட்டில் மட்டும் இருக்கலாம். முதலில் குறிப்பேட்டில் எழுதி, சக மாணவர் ஒருவரும் ஆசிரியர் ஒருவரும் படித்த பிறகே பதிவேற்றம். எழுத்தைப் பற்றிய பேச்சு வகுப்பறையிலோ நூலகத்திலோ நடக்க வேண்டும். ஆசிரியரும் மாணவரும் கைப்பேசியில் தனியே செய்தி பரிமாறுவது கூடாது. பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டி, வாசித்து, ஒப்புதலை நேரில் பெறலாம்.

இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் பல அரசுப் பள்ளிகளில் உள்ளன. மாணவர் படைப்புகளுக்கு இடமளிக்கும் ‘தேன்சிட்டு’ இதழைப் பள்ளிக் கல்வித் துறை வெளியிடுகிறது. பள்ளி வலைப்பூக்களில் வரும் சிறந்த எழுத்துகள் அந்த இதழுக்குப் போக வழி அமைக்கலாம். ஆண்டு முடிவில் பதிவுகளை அச்செடுத்துத் தைத்து, பள்ளி நூலகத்திலும் மாவட்ட மைய நூலகத்திலும் வைக்கலாம். நிறுவனம் மூடினாலும் எழுத்து மிஞ்சும்.

உண்மையான செலவு ஆசிரியரின் நேரம். ஏற்கெனவே புள்ளிவிவரப் பதிவுகளால் சலித்துப்போயிருக்கும் ஆசிரியர் மீது இதையும் ஏற்றினால் முதல் பருவத்திலேயே முயற்சி படுத்துவிடும். வாரம் இரண்டு பாடவேளையை இதற்கென ஒதுக்கி, அதை அவரது பணிச்சுமையில் கணக்கிட வேண்டும்.

இன்னொரு செலவும் உண்டு. அது பெரியவர்களின் பொறுமை. பிள்ளைகளை எழுதச் சொன்னால் அவர்கள் பார்ப்பதை எழுதுவார்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று எழுதுவார்கள். ஏரியில் எவர் குப்பை கொட்டுகிறார் என்று எழுதுவார்கள். அன்று அந்த மாணவரை அழைத்து மிரட்டாமல், குழாயைச் சரிசெய்துவிட்டு அதே பக்கத்தில் பதில் எழுதும் தலைமையாசிரியர் நமக்கு வேண்டும். ஸ்காட்லாந்தின் உள்ளாட்சி மன்றம் ஒரே நாளில் கற்றுக்கொண்ட பாடத்தை நாம் முன்கூட்டியே கற்றுக்கொள்ளலாம். இணையத்தில் உலவும் அயலாரிடமிருந்து பிள்ளையைக் காக்க வேண்டும் என்று சொல்லும் நாம், உண்மையைச் சொன்னதற்காக நம்முடைய கோபத்துக்கு ஆளாவதிலிருந்தும் அதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள்.

சமூக ஊடகத்துக்கு வயது வரம்பு வேண்டுமா என்ற விவாதம் நாடாளுமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் தொடரட்டும். அதன் முடிவுக்காகப் பள்ளிகள் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் விருப்பமுள்ள பத்துப் பள்ளிகளில், பள்ளிக்கு ஓர் ஒன்பதாம் வகுப்பு என்ற அளவில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். குறைகளைக் கண்டு திருத்திய பின் விரிவாக்கலாம்.

அத்திவரதர் அடுத்து எழுந்தருளும் 2059-இல், இன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருப்பார்கள். தங்கள் ஊர் எப்படி இருந்தது, அதன் தறிகள் எப்படி ஓடின என்று அவர்களின் பிள்ளைகள் அன்று கேட்கக்கூடும். விளம்பரங்களுக்கு இடையே தோன்றி மறைந்த காணொளிகளில் அதற்கு விடை இருக்காது. அவர்களே எழுதி, ஒரு படி எடுத்து வைத்துக்கொண்ட பக்கங்களில் இருக்கும். அந்தப் பக்கங்களைத் தொடங்க ஒரு குறிப்பேடும், ஒரு புனைபெயரும், பொறுமையாகப் படிக்கும் ஓர் ஆசிரியரும் போதும்.